ஏலக்காய் போட்ட சாலை

கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. போடிநாயக்கனூர் தாலுகா, தமிழ்நாட்டு எல்லைக்குள். ஆனால் போடியிலிருந்து வண்டியில் அங்கே போக வேண்டுமென்றால் போடிமெட்டு ஏறி, கேரளத்துக்குள் நுழைந்து, பூப்பாறை தாண்டி, சூரியநெல்லி போய், அங்கே ஜீப் பிடித்து, கல்லும் குழியுமான தடத்தில் குலுங்கிக் குலுங்கி ஏறி மறுபடி தமிழ்நாட்டுக்குள் வந்து சேர வேண்டும். இந்தப் பக்கமிருந்து நேரே ஏறுவது என்றால் குரங்கணியிலிருந்து கால்நடைதான். 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்களைப் பலிகொண்டது அந்தச் சரிவுதான்.

கொழுக்குமலையில் சூரியோதயம் பார்க்க வருகிறவர்கள் கொடுக்கும் ஜீப் வாடகையும் அறை வாடகையும் டீக்கடைக் காசும் சூரியநெல்லியிலும் சின்னக்கானலிலும் மூணாறிலும் தங்கிவிடுகின்றன. நிலம் யாருடையது என்று பட்டா சொல்லும், வரைபடம் சொல்லும். அந்த நிலத்து வருமானம் எந்த ஊர்க் கல்லாவில் விழும் என்பதைச் சாலைதான் சொல்கிறது.

சாலைக்கும் வளத்துக்கும் உள்ள உறவைப் பற்றி உலகம் முழுக்க ஆராய்ந்திருக்கிறார்கள். 1992இல் உலக வங்கிக்காக சீசர் கெய்ரோஸ், சுர்ஹித் கௌதம் என்ற இருவர் 98 நாடுகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். பத்து லட்சம் மக்களுக்கு எத்தனை கிலோமீட்டர் தார்ச்சாலை என்பது அவர்கள் எடுத்த அளவுகோல். ஏழை நாடுகளில் சராசரி 170 கிலோமீட்டர், நடுத்தர நாடுகளில் 1,660, பணக்கார நாடுகளில் 10,110. இதைப் பார்த்தால், சாலை போட்டால் பணம் வரும் என்று யாருக்கும் தோன்றும். பணம் இருக்கிறவன்தான் சாலை போடுகிறான் என்று திருப்பிப் படிக்கவும் இடமிருக்கிறது. எது முந்தியது என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் பதில் இல்லை. போடியின் வரலாற்றில் இருக்கிறது.

சுமை முதலில் வந்தது

ஏலமலையில் ஏலம் சாலைக்கு மூத்தது. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஏலக்காய் திருவாங்கூர் அரசின் ஏகபோகம். மலையில் விளைந்ததை அரசுக்குத்தான் கொடுக்க வேண்டும். விளைவித்தவர்களில் பெரும்பாலோர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடிப் பக்கத்திலிருந்தும் ஏறிப்போன குடியானவர்கள். சமவெளியிலிருந்து அரிசியும் உப்பும் மேலே போயின, ஏலம் கீழே வந்தது. போடிமெட்டு, தேவாரம் மெட்டு, ராமக்கல்மெட்டு, கம்பம்மெட்டு என்று மலைவிளிம்பில் வரிசையாக நிற்கும் மெட்டுகள் தலைச்சுமைக்காரர்களும் பொதிமாடுகளும் தேய்த்துத் தேய்த்து உண்டாக்கிய தடங்களின் உச்சி. அரசு பிற்பாடு வளைவு வெட்டித் தார் ஊற்றியது, கால்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்திருந்த வழிகள் சிலவற்றின் மேல். முந்தலில் தொடங்கிப் புலியூத்து அருவியைத் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் இன்றைய போடிமெட்டுச் சாலையை இந்தக் கண்ணோடு பார்த்தால், பொறியாளருக்கு முன்னால் ஏலக்காய் அங்கே அளவெடுத்துவிட்டுப் போயிருப்பது புரியும்.

தேயிலையின் கதை வேறு. ஜே.டி. மன்றோ 1877இல் பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன்தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். தோட்டங்கள் பெருகின. தேயிலையை வெளியே கொண்டுவர மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள், மாடுகள் இழுத்தன. 1908இல் அது இரண்டடி அகல ரயில்பாதை ஆனது. டாப் ஸ்டேஷனிலிருந்து பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து வண்டியில் போடி, பிறகு ரயிலடி, கடைசியில் தூத்துக்குடித் துறைமுகம். கொட்டகுடி மலையில் ‘சென்ட்ரல்’ என்று ஒரு குடியிருப்பு இன்றும் இருக்கிறது. கம்பிவடப் பாதையின் நடு நிலையம் விட்டுப்போன பெயர் அது.

அந்த நாளில் மூணாறுத் தேயிலைக்குப் போடி வாசல். ஆனால் 1924 ஜூலையில் கேரளம் இன்றும் மலையாள ஆண்டுக் கணக்கில் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று சொல்லும் பெருவெள்ளம் வந்து குண்டளைப் பள்ளத்தாக்கின் அந்த ரயில்பாதையை அடித்துக்கொண்டு போனது. அதைத் திரும்பப் போடவே இல்லை. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. அதே காலத்தில் மலைக்கு அந்தப் பக்கம் ஆலுவாவிலிருந்து மூணாறுக்குப் புதிய சாலை உருவாகிக்கொண்டிருந்தது. 1935இல் பெரியாற்றின் மேல் நேரியமங்கலம் பாலம் திறந்தார்கள். தேயிலை மேற்கே திரும்பிக் கொச்சிக்கு இறங்கத் தொடங்கியது. போடிக்கு ரயில் வந்து ஏழே ஆண்டு.

அப்போதே ஏலக்காயும் மேற்கே போயிருக்கலாம். 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் வந்து தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போனபோதும் போயிருக்கலாம். ஏலம் விளையும் காடு ஒரு மாநிலத்தில், சந்தை இன்னொரு மாநிலத்தில் என்று உறுதியான பிறகும் போடியின் வியாபாரம் போடியிலேயே நின்றது. இந்தக் கட்டுரைக்காக யோசித்ததில் என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது இந்த இடம்தான். ஒரே மலை, ஒரே சாலைகள். தேயிலை ஏன் போனது, ஏலம் ஏன் நின்றது?

காரணம் சரக்கின் எடையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தேயிலை எடை அதிகம், கிலோவுக்கு விலை குறைவு. மைலுக்குக் காலணா மிச்சம் என்றாலும் அது புதுப் பாதைக்கு மாறிவிடும். ஏலக்காய் அப்படி இல்லை. கிலோ 2,000 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 50 கிலோ மூட்டை ஒன்று ஒரு லட்ச ரூபாய். அந்த மூட்டைக்கு லாரி வாடகை ஒரு பொருட்டே இல்லை. அதைக் கையில் அள்ளிப் பார்த்தவுடன் தரம் சொல்லத் தெரிந்தவன் எங்கே இருக்கிறான், அறுவடைக்கு முன்னே முன்பணம் கொடுப்பவன் எங்கே இருக்கிறான், வடநாட்டு வியாபாரியோடு தலைமுறைக் கணக்கு வைத்திருப்பவன் எங்கே இருக்கிறான் என்பதுதான் பொருட்டு. அவர்கள் போடியில் இருந்தார்கள். சாலை அவர்களை வளர்த்தது, பிறகு அவர்கள் இருப்பதாலேயே சாலைக்கு வேலை இருந்தது.

போடியின் ஏலக்காய்க் கிட்டங்கிகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பிரிப்பதைப் பார்த்தால் இது விளங்கும். சல்லடையில் சலித்து அளவு பிரிந்து வந்த காயை முறத்தில் பரப்பி, வெடித்தது, நிறம் வெளுத்தது, பூச்சி அரித்தது என்று விரல்நுனியால் தள்ளுவார்கள். கண் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம், விரல் அதன் போக்கில் போய்க்கொண்டிருக்கும். எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட, கரும்பச்சை மாறாத காய் தனியே ஒதுங்கும். ஐந்தாறு கிலோ பச்சைக்காயை ஸ்டோரில் உலர்த்தினால் கிடைப்பது ஒரு கிலோ. அந்த ஒரு கிலோவுக்குள் இருக்கும் விலை வித்தியாசத்தை இந்த விரல்கள்தான் முடிவு செய்கின்றன. இந்தக் கைப்பழக்கத்தை எந்தப் புதுச் சாலையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போக முடியவில்லை.

நறுமணப் பொருள் வாரியம் 2007இல் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. போடியிலும், இடுக்கி மாவட்டத்துப் புத்தடியிலும் அதற்கு மையங்கள் உண்டு. வியாபாரிகள் கணினி முன்னால் உட்காருகிறார்கள். சின்னப் பையில் மாதிரிக் காய் வருகிறது. பிரித்துத் தட்டில் கொட்டிப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துகிறார்கள், திரையில் விலை ஏறுகிறது. வெள்ளமும் வறட்சியும் அடுத்தடுத்து வந்து விளைச்சல் விழுந்த 2019இல் ஒரு கிலோ 7,000 ரூபாய்வரை போனது. 2021இல் இரண்டு மையங்களையும் இணையத்தில் இணைத்து, ஓரிடத்து ஏலத்தில் மற்ற இடத்திலிருந்தும் கேட்கலாம் என்று ஆக்கினார்கள். விலை பேச மலை ஏறி இறங்க வேண்டிய அவசியம் அதோடு குறைந்தது. ஆனால் காயைப் பறிக்க ஒருவர் மலை ஏறித்தான் ஆக வேண்டும்.

நான்கு மணி ஜீப்புகள்

சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை என்று அடிவாரம் நெடுக உள்ள ஊர்களில் விடியலுக்கு முன்பே ஜீப் ஹாரன் கேட்கும். சேலைக்கு மேல் ஆண்கள் அணியும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி, மழைக்காலமென்றால் பிளாஸ்டிக் தாளோ ரெயின்கோட்டோ. “தள்ளி உக்காரு மதினி, இன்னும் ரெண்டு பேர் வரணும்” என்று சொல்லிச் சொல்லியே எட்டுப் பத்துப் பேர் உட்காரும் ஜீப்பில் அதைப்போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஏறிவிடுவார்கள். பல இடங்களில் ஜீப்காரரே ஆள் சேர்ப்பவரும்கூட. பழைய கங்காணி இப்போது ஸ்டியரிங் பிடிக்கிறார்.

மெட்டு ஏறி, எல்லை தாண்டி, தோட்டத்தில் இறங்கிச் செடித்தூரடியில் குனிந்து உட்கார்ந்து, தரையோடு படர்ந்த சரத்தில் முற்றிய காயை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். காலில் அட்டை ஏறும். பிஞ்சைப் பறித்துவிட்டால் திட்டு விழும். சாயங்காலம் அதே ஜீப், அதே நெரிசல், மூடுபனியில் அதே வளைவுகள். கூலி தோட்டத்தில் இருந்த நேரத்துக்கு. வழியில் போன மணிகள் கணக்கில் வராது. ஜீப் கவிழ்ந்தால் மறுநாள் பத்திரிகையில் ஒரு பத்திச் செய்தி வரும், சில நாள் போலீஸ் சோதனை நடக்கும், பிறகு பழையபடி.

நான் இந்தச் சாலைகளை எதிர்ப்பவன் இல்லை. வளர்ச்சிக் கணக்கு எழுதும்போது இந்த ஜீப்பை விட்டுவிட்டு எழுதுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பரில் தொடங்கியது. அதன் பலனைப் பெரிய அளவில் ஆராய்ந்த சாம் ஆஷர், பால் நோவோசாத் இருவரும் 2020இல் வெளியிட்ட முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. சாலை வந்து நான்கு ஆண்டு கழித்துப் பார்த்தால் கிராமத்தில் விளைச்சலோ சொத்தோ வருமானமோ பெரிதாக மாறவில்லை. மாறியது ஒன்றுதான். விவசாயக் கூலிகள் வெளி வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். தார்ச்சாலை முதலில் ஏற்றிச் செல்வது ஆட்களை. தேனி அடிவாரத்தில் இது இன்னும் விசேஷமாக நடக்கிறது. இங்கே சாலை விவசாயக் கூலியைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகவில்லை. மானாவாரிக் காட்டிலிருந்து எடுத்து மலைமேல் இன்னொருவர் தோட்டத்தில் இறக்கிவிடுகிறது. கூலி கூடியிருக்கிறது, வேலை அதேதான்.

சாலையாலும் ரயிலாலும் பலனே இல்லை என்று சொல்வதற்கில்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் ரயில் எட்டிய மாவட்டங்களில் விவசாய வருமானம் ஏறத்தாழ 16 சதவீதம் உயர்ந்தது என்று டேவ் டொனால்ட்சன் கணக்கிட்டிருக்கிறார். ஆனால் சீனாவைப் பற்றி பெஞ்சமின் ஃபேபர் 2014இல் எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பெருநகரங்களை இணைக்கப் போட்ட தேசிய நெடுஞ்சாலைகள் வழியில் தொட்டுச் சென்ற சிறு மாவட்டங்களில் தொழில் வளர்ச்சி, சாலை தொடாத அதே போன்ற மாவட்டங்களைவிடக் குறைந்திருந்தது. சாலை வந்ததும் பெருநகரத்துச் சரக்கு உள்ளே வந்தது, உள்ளூர்ப் பட்டறை படுத்தது. தேயிலை விஷயத்தில் 1935இல் போடிக்கு நேர்ந்தது இதற்குத் தூரத்து உறவு.

இன்னும் தொலைவில் ஓர் உதாரணம் இருக்கிறது, போடிக்காரர்கள் அனைவரும் பெயர் அறிந்த உதாரணம். குவாத்தமாலா. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்கர் மாயுஸ் கிளோஃபர் என்ற ஜெர்மானியத் தோட்டக்காரர் அல்டா வெராபாஸ் மலைகளுக்கு ஏலக்காயைக் கொண்டுபோனார். 1980 வாக்கில் அந்நாடு இந்தியாவை முந்தியது. அரபு நாடுகளின் கவா பானத்துக்குப் போகும் காயில் பெரும்பங்கு இன்று அங்கிருந்து வருகிறது. ஆனால் அல்டா வெராபாஸ் இன்றும் குவாத்தமாலாவின் மிக ஏழ்மையான பகுதிகளில் ஒன்று. அங்கே விளைவிப்பவர்கள் கெக்சி மாயா பழங்குடிகள். மோசமான மலைத்தடங்களில் சொந்தமாகச் சுமந்துபோய் விற்க முடியாததால் வீட்டு வாசலுக்கு வரும் இடைத்தரகரிடம் பச்சைக்காயாகவே கொடுத்துவிடுகிறார்கள். அந்தத் தரகர்களை அங்கே ‘கொயோட்டே’ என்கிறார்கள். உலகச் சந்தையைப் பிடித்த பயிர், விளைந்த ஊரைத் தூக்கிவிடவில்லை. காயை உலர்த்தும் ஸ்டோரும், விலை தெரியும் ஏல மையமும், அங்கே போய்ச் சேர ஒரு சாலையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் விளைவிப்பவனுக்குப் பேரம் பேச வாய் வரும். இடுக்கியின் சிறு விவசாயிக்கு அது ஓரளவு இருக்கிறது. தன் காய் இன்று என்ன விலை போனது என்று அன்று சாயங்காலமே அவருக்குத் தெரியும். பறிக்கிற கூலிக்காரருக்கு அந்த வாய் இன்னும் வரவில்லை.

வழி அடைபட்டபோது

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை விவகாரம் கொதித்தது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மூன்று வழிகளும் அடைபட்டன. கேரளத் தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் அடியும் மிரட்டலும் தாங்காமல் குடும்பத்தோடு இறங்கி வந்தார்கள். மேலே காய் செடியிலேயே நின்றது. கீழே அடுப்பு எரியவில்லை. இரண்டு மாநிலத்துக்கும் இந்த மூன்று சாலைகள் என்ன என்பதை அந்தச் சில வாரங்கள் எந்தப் பொருளாதாரப் புள்ளிவிவரத்தையும்விடத் தெளிவாகச் சொல்லின.

2020 மார்ச்சில் நடந்தது அதைவிடக் கொடுமை. கொரோனாவுக்காகப் பேருந்துகள் நின்றபோது, கேரளத்தின் பேத்தொட்டித் தோட்டத்திலிருந்து ராசிங்காபுரத்துக்குச் சில தொழிலாளர் குடும்பங்கள் பழைய காட்டுப்பாதையில் நடந்து இறங்கின. வழியில் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. இறந்தவர்களில் ஒரு சிறு குழந்தையும் உண்டு. தலைச்சுமைக்காரர்களின் தடம் முற்றாக அழியவில்லை. சாலை இல்லாமல் போகும்போது ஏழைகள் இன்னும் அதில்தான் கால் வைக்கிறார்கள்.

அகமலைப் பக்கத்தின் சில குடியிருப்புகளுக்கு எல்லா நாளும் இதே கதி. தேர்தல் என்றால் வாக்குப்பதிவு இயந்திரம் குதிரைமேல் போகும், படம் பத்திரிகையில் வரும். பிரசவ வலி என்றால் டோலி கட்டித் தோளில் சுமந்து இறக்க வேண்டும்.

இதற்கு நடுவே பெரிய சாலைகள் பெரிதாகிக்கொண்டிருக்கின்றன. கொச்சியிலிருந்து மூணாறு, போடிமெட்டு, போடி, தேனி, மதுரை வழியாகத் தொண்டிவரை ஓடும் தேசிய நெடுஞ்சாலை 85இல் மூணாறு முதல் போடிமெட்டு வரையிலான சுமார் 42 கிலோமீட்டரை அகலப்படுத்தி 2024 ஜனவரியில் திறந்தார்கள். பயணம் சுகமாகிவிட்டது, உண்மை. அந்த வேலை நடந்தபோது வழியில் உள்ள கேப் ரோட்டில் பாறை திரும்பத் திரும்பச் சரிந்து போக்குவரத்து நெடுநாள் முடங்கியதும், இடிபாடுகள் கீழே இருந்த விவசாய நிலங்களை மூடியதும் உண்மை. மலையில் ஒரு மீட்டர் அகலம் கூட்டுவதற்குச் சமவெளிக் கணக்கு உதவாது. சரிவின் காலை வெட்டினால் மேலே நிற்பதெல்லாம் ஒருநாள் சரிந்து வரும்.

ரயிலின் கதையும் ஆறுதலாக இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது போடித் தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள், 1950களில் திரும்பப் போட்டார்கள். அகலப்பாதைக்காக 2010 முடிவில் நிறுத்திய ரயில் 2023 ஜூன் 15ஆம் தேதிதான் போடிக்குத் திரும்பி வந்தது. 12 ஆண்டுக்கு மேல். ஒரு தலைமுறை வியாபாரிகள் ரயிலை மறந்து லாரிக்குப் பழகிவிட்டார்கள். இன்று சென்னைக்கு நேர் ரயில் இருக்கிறது, அதுவும் வாரத்தில் மூன்று நாள்.

இப்போது அடிவாரத்தில் உரக்கக் கேட்கும் கோரிக்கைகள் இரண்டு. ஒன்று குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் சாலை. மற்றது தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டு வழியாக உடும்பன்சோலைப் பக்கம் ஏறும் சாலை. தேர்தல்தோறும் இரண்டுக்கும் உயிர் வரும், வனத்துறைக் கோப்பில் போய்ப் படுக்கும். கேட்பவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. தேவாரத்துப் பெண் கண்ணெதிரே தெரியும் மலைக்குப் போடியையோ கம்பத்தையோ சுற்றிக்கொண்டு போகிறார். ஆனால் அந்தக் காடுகளில் பிறக்கும் ஓடைகளை நம்பித்தான் கீழே கிணறும் கண்மாயும் மாந்தோப்பும் இருக்கின்றன. குரங்கணிச் சாலையால் முதலில் லாபம் பார்க்கப்போவது மூணாறு விடுதிகள் என்பது என் கணிப்பு. சாக்குலூத்து மெட்டுக்கு அதைவிட வலுவான காரணம் உண்டு, ஏனென்றால் அங்கே தினமும் வேலைக்குப் போகிற கால்கள் இருக்கின்றன. ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால், காட்டுக்கு ஆகும் சேதத்தைப் பொதுவில் வைத்துப் பேசிய பிறகு, நான் அதைத்தான் எடுப்பேன்.

புதுச் சாலைக்கு அனுமதி வர எத்தனை ஆண்டு ஆனாலும், இருக்கிற மூன்று மலைச்சாலைகளிலும் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. விடியற்காலையில் தோட்டப் பகுதிவரை போய், சாயங்காலம் வேலை விடும் நேரத்தில் திரும்பும் அரசுப் பேருந்துகள். இரண்டு மாநிலப் போக்குவரத்துத் துறைகளும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். பேருந்து நுழைய முடியாத கிளைச்சாலைகளுக்கு, அளவோடு ஆள் ஏற்றும், காப்பீடு உள்ள ஜீப்புகளைத் தோட்ட முதலாளிகள் வாடகை கொடுத்து அமர்த்தட்டும். இந்த மலைச் சாலைகளில் மிக அதிகமாகப் பயணம் செய்கிறவர்கள் ஏலக்காய் பறிக்கும் பெண்கள்தான், அவர்கள் உட்கார்ந்து போக ஓர் இருக்கை கேட்பது எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் பெரிய தொகை ஆகாது.